வெளியில் சமைக்க ஓவன் கட்ட சிமென்ட் போதுமா?

"வீட்டுக்கு வெளியே ரொட்டி சுட எளிதாக ஓர் ஓவன் கட்டலாமா, சிமென்ட் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். சிமென்ட் வேண்டாம். நீங்கள் இந்நேரம் மூட்டையை வாங்கி வைத்திருப்பீர்கள் என்ற பயத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் முதல் ஓவனுக்கு உள்ளும் புறமும் சிமென்ட் பூச்சுதான். பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்றாம் முறை மூட்டியபோது உள்ளே 'டப்' என்றது; ரொட்டியின் மேல் சாம்பல் நிறச் சில்லுகள். சிமென்ட்டின் இறுக்கமே அது தனக்குள் பிடித்து வைத்திருக்கும் நீரால் வருவது. சூடு 300 டிகிரியைத் தாண்டினால் அந்த நீர் வெளியேறிப் பிடிப்பு தளர்கிறது. விறகு எரியும் ஓவனின் உட்சுவர் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். "எங்கள் வீட்டில் பத்து வருடமாக சிமென்ட்தான்" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். உங்களுடையது நிற்கிறதென்றால் சந்தோஷம். என்னுடையது நிற்கவில்லை.

இரண்டாவதை மண்ணால் கட்டினேன். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டரைப் பங்கு மணல்; காலால் மிதித்துக் குழைக்க வேண்டும். ஓர் உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். சப்பையாகிவிட்டால் தண்ணீர் அதிகம், உதிர்ந்தால் போதவில்லை, லேசாக நசுங்கி உருண்டையாகவே கிடந்தால் பதம். தளத்துக்குத் தீச்செங்கல் பரப்பினேன். ஆற்றுக் கல்லைப் போடாதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். தளத்தின் மேல் ஈர மணலைக் குவித்து, நனைத்த செய்தித்தாளால் போர்த்தி, 10 செ.மீ. கனத்துக்கு மண்ணை அப்பினேன். மண் இறுகியதும் வாயை வெட்டி மணலைத் தோண்டி எடுக்க வேண்டும். தாள் கையில் தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

வாயின் உயரத்தில் மட்டும் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. உள்ளே 40 செ.மீ. உயரம் என்றால் வாய் 25 செ.மீ. இருக்க வேண்டும். அந்த உயரம் கூடினால் சூடு தங்காது, குறைந்தால் புகை திணறும்.

களிமண் வெட்ட எனக்கு மண்வெட்டி கிடைக்கவில்லை. என்னுடையதை மைத்துனர் இரவல் வாங்கிப் போய் இரண்டு வருடமாகிறது. கேட்டால் "அது உங்களுடையதா?" என்கிறார். பிடியில் என் பெயரின் முதலெழுத்தை நானே கத்தியால் செதுக்கியிருக்கிறேன். முதல் ரொட்டிக்கு மட்டும் நேரம் தவறாமல் வந்துவிட்டார். சரி, அது வேறு கதை.

ஒரு வாரமாவது காயவிட்டு, பிறகு சில நாட்கள் சுள்ளி மட்டும் போட்டுச் சிறு தீயாக எரியுங்கள். நான் அவசரப்பட்டுப் பெருந்தீ மூட்டினேன். உள்ளிருந்த ஈரம் ஆவியாகி, கத்தி நுனி நுழைகிற அளவுக்கு விரிசல். அதே மண்ணைக் குழைத்து அடைத்தேன், இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறது. எரியும்போது உட்கூரை முதலில் கரியாகும். அந்தக் கரியே எரிந்துபோய்ச் சுவர் வெளுத்தால் சூடு ஏறிவிட்டது. தணலை வழித்து, ஈரத்துணியால் தளத்தைத் துடைத்து ரொட்டியை வைக்கலாம்.

மழை பட்டால் மண் கரையும், அதனால் மேலே கூரை அவசியம். நான் ஒரு பழைய தகரத்தைப் போட்டிருக்கிறேன். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் பாரமாக வைத்திருப்பது முதல் ஓவனின் சிமென்ட் துண்டுகளைத்தான்.