'கவர்ட்' (coward) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன? அதை எப்படிப் பயன்படுத்துவது?

கோழை. சுருக்கமான பதில் அதுதான். சில அகராதிகளில் 'பயந்தாங்கொள்ளி' என்றும் இருக்கும். அது வீட்டில் பிள்ளைகளைக் கேலியாகச் சொல்வது. ஆங்கிலச் சொல் அவ்வளவு லேசானதல்ல.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பல்லிக்குப் பயப்படும் அம்மாவைக்கூட 'கவர்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே 'அஃப்ரெய்ட்' அல்லது 'ஸ்கேர்ட்' போதும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குகிறவர், அதட்டினால் ஒடுங்கிப்போகிறவர் 'டிமிட்'. இவையெல்லாம் இயல்பைச் சொல்பவை. 'கவர்ட்' என்றால், நின்றிருக்க வேண்டிய இடத்தில் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டு விலகிவிட்டார் என்று குற்றம் சாட்டுகிறீர்கள். நிராயுதபாணிகளைக் குண்டு வைத்துத் தாக்குவதை 'கவர்ட்லி அட்டாக்' என்று கண்டிப்பதும் அதனால்தான். நம் பத்திரிகைகளிலும் 'கோழைத்தனமான தாக்குதல்' என்று வருகிறதே.

இந்தச் சொல் உயிரையே வாங்கியிருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் 'கவர்டிஸ்', அதாவது கோழைத்தனம், மரண தண்டனைக்குரிய குற்றம். ஹாரி ஃபார் என்ற சிப்பாய் 'ஷெல் ஷாக்' எனப்பட்ட போர் அதிர்ச்சியால் 1915-ல் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர். மறுபடி போர்முனைக்கு அனுப்பினார்கள். 1916-ல் இனி முடியாது என்று நின்றுவிட்டார். ராணுவ விசாரணையில் அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. அந்த அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள், வயது 25. மனைவிக்கு ஓய்வூதியத்தையும் மறுத்தார்கள். மகள் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2006-ல்தான் ஹாரி ஃபாரையும் சேர்த்து, கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காகக் கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. நோயாளியை 'கவர்ட்' என்று முத்திரை குத்திய கொடுமை இது. இதைப் படித்த பிறகு யாரையும் அந்தச் சொல்லால் குறிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி இலக்கணம். 'கவர்ட்' ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல். 'கவர்ட்லி' என்பது 'லி'யில் முடிந்தாலும் 'ஃபிரெண்ட்லி' போலப் பெயரடைதான். ஆகவே 'கோழைத்தனமாக நடந்துகொண்டான்' என்பதற்கு 'இன் அ கவர்ட்லி வே' என்று எழுதுங்கள். குணத்தைக் குறிப்பது 'கவர்டிஸ்'. 'கவர்டைஸ்' என்று உச்சரிக்காதீர்கள். பயத்தில் உடலைக் குறுக்கிப் பதுங்குவதைச் சொல்லும் 'கவர்' (cower) என்ற வினைச்சொல்லும் உண்டு. ஒலி நெருக்கமாக இருந்தாலும் அதற்கும் இதற்கும் வேர் வேறு.