பிசிறு வெட்டும் வேலை வீட்டுக்கு வந்தால் யாருக்கு மிச்சம்?

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை செய்கிறேன். வயது 41. பி.எப். பிடிக்க ஆரம்பித்து 8 ஆண்டு 4 மாதம் ஆகிறது. ஷிப்டுக்கு 390 ரூபாய். ஆர்டர் குறைந்துவிட்டது என்று, எங்களில் சிலரை எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் காண்ட்ராக்டர் மூலம் வீட்டுக்கே பீஸ் அனுப்புவார்களாம், பிசிறு (தையலில் நீண்டிருக்கும் நூல்முனை) வெட்டிக் கொடுத்தால் பீஸுக்கு 70 பைசா. மாமியார் படுக்கையில் இருப்பதால் கணவர் இதுவே நல்லது என்கிறார். பொருளியல் படிக்கும் என் மகளோ, உலகமயமாக்கல் பெண்களைச் சுரண்டுகிறது, அதில் இதுவும் ஒன்று என்கிறாள். இந்த வேலை இல்லாமல் அவளைப் படிக்க வைத்திருக்கவே முடியாது. நான் யார் பேச்சைக் கேட்பது? என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் ஒன்று. இதற்குப் பதில் எழுதும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்’ என்ற ஒரு வரி உங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை ரூபாய்க் கணக்காகவே கீழே தருகிறோம்.

உங்கள் மகள் சொல்வதும் நீங்கள் சொல்வதும் பெண்ணியப் பொருளியலுக்குள்ளேயே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் விவாதம். 1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள், ஏற்றுமதி ஆலைகள் இளம்பெண்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுப்பது ஏன் என்று ஆராய்ந்தார்கள். பெண்ணுக்கு விரல் வேகம் பிறவியிலேயே வருகிறது என்று முதலாளிகள் சொன்னார்கள். இல்லை, சிறு வயதிலிருந்து வீட்டில் தையலும் கைவேலையும் பழகியதால் வந்த திறமை அது, வீட்டில் பழகியது என்பதாலேயே அதைத் திறமையாகக் கணக்கில் எடுக்காமல் குறைந்த கூலி தருகிறார்கள் என்று இவர்கள் காட்டினார்கள். உங்கள் கம்பெனியிலும் இதைப் பார்க்கலாம். கட்டிங் மாஸ்டரின் கூலியும் செக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவியாள்) கூலியும் ஒன்றில்லை. செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள்.

மறுபக்கம் நைலா கபீர். டாக்காவின் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களிடம் பேசி, அவர்கள் இந்த வேலையை மதிப்பதற்குக் காரணங்கள் உண்டு என்று எழுதியவர். கையில் சொந்தக் காசு, வீட்டில் ஒரு சொல், பிள்ளையின் படிப்பு. வெறும் பலியாடுகள் என்று அவர்களைப் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. ஆகவே மகளைப் படிக்க வைத்தது இந்த வேலைதான் என்று நீங்கள் சொல்வது சத்தியம். அந்த வேலை உங்கள் உழைப்பை மலிவாக வாங்கியது என்று அவள் சொல்வதும் சத்தியம். நீங்கள் இப்போது முடிவு செய்ய வேண்டியது வேறு: இந்த வேலையால் வந்த நன்மைகளில் எதெல்லாம் கம்பெனி வாசலைத் தாண்டினால் நின்றுபோகும்?

ஏன் இப்போது வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்? 2005 ஜனவரி 1 அன்று ஆடை ஏற்றுமதிக்கான நாடுவாரி கோட்டா முறை (எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு) முடிந்தது. அதிலிருந்து ஒரே டி-ஷர்ட்டுக்கு வங்கதேசத்தின் விலை, வியட்நாமின் விலை, திருப்பூரின் விலை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பேரம் பேச பையரால் (ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தால்) முடிகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது அந்தச் சுமையில் ஒரு பங்கை விலைக்குறைப்பாகக் கேட்டவர்கள் உண்டு. ஏற்றுமதியாளர் நூல் விலையைக் குறைக்க முடியாது, டையிங் கட்டணத்தையும் கரண்ட் பில்லையும் குறைக்க முடியாது. கைவைக்க முடிவது ஆள் கூலியில். அதிலும் மெஷின் வேண்டாத, கத்தரி மட்டும் போதும் என்கிற பினிஷிங் வேலைதான் சுலபமாக வெளியே போகும். வேலை வீட்டுக்கு வரும்போது வாடகை, விளக்கு, கழிப்பறை, பி.எப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் கம்பெனியின் கணக்கிலிருந்து கழன்று உங்கள் வீட்டின் கணக்கில் ஏறுகின்றன.

இப்போது கணக்கு. 390 ரூபாய் உங்கள் உண்மையான கூலி இல்லை. முழுக் கூலிக்கும் பி.எப். பிடித்தால் முதலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 46.80. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், சுமார் 12.70. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், சுமார் 32.50. எல்லாம் சேர்த்தால் ஒரு ஷிப்டுக்கு ஏறத்தாழ 482 ரூபாய்.

வீட்டில்? 70 பைசா வீதம் மணிக்கு 40 பீஸ் முடித்தால் 28 ரூபாய். எட்டு மணி நேரமும் எழாமல் வெட்டினால் 224. படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் யாராலும் உட்கார முடியாது. ஐந்து மணி நேரம் கிடைத்தால் 140. உங்கள் வேகம் 40 தானா என்பதை நீங்களே சோதியுங்கள். காலர், ஸ்லீவ் ஹெம், பாட்டம் ஹெம், லேபிள் தையல், தோள் ஜாயின்ட் என்று ஒரு பீஸின் எல்லா இடத்தையும் புரட்டிப் பார்த்து முடிக்க ஆகும் நேரத்தைப் போனில் வைத்துப் பாருங்கள். கட்டு பிரிப்பது, எண்ணுவது, திரும்பக் கட்டுவது, காண்ட்ராக்டருக்காகக் காத்திருப்பது எல்லாம் அந்த நேரத்தில் சேர வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் உட்கார்ந்து வெட்டினால் கணக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அது அவர்களின் உழைப்பு.

கெட்டுப்போகும் பீஸ் இன்னொரு செலவு. சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணியில் கத்தரி முனை ஒரு கண்ணியைத் தொட்டாலே போதும், அப்போது தெரியாது, ஒரு சலவைக்குப் பிறகு ஓட்டையாக விரியும். கம்பெனி மேஜையில் நல்ல டியூப் லைட் இருக்கும், கத்தரியைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள், சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். வீட்டில் மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, பிள்ளை மிதித்த அழுக்கு எல்லாவற்றுக்கும் பிடித்தம் உங்கள் தலையில். பல பிராண்டுகள் அனுமதி இல்லாமல் வெளியே வேலை கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகின்றன. அதனால் வீட்டு வேலைக்கு ரசீது இருக்காது. பிராண்டின் ஆடிட் (தணிக்கை) வந்தால் உங்கள் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது, கூலி நின்றால் கேட்கவும் ஆதாரம் இருக்காது.

இது திருப்பூருக்குப் புதிதாக வந்த வழியும் அல்ல. ஆந்திராவின் நர்சாப்பூரில் வெளிநாட்டுக்கு லேஸ் பின்னிய பெண்களை எழுபதுகளின் பிற்பகுதியில் ஆராய்ந்த மரியா மீஸ் கண்டது இதைத்தான். நாள் முழுக்கப் பின்னியவர்களைத் தொழிலாளி என்று யாரும் எண்ணவில்லை, ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறவர்’ என்றார்கள். அந்தப் பெயர்தான் கூலியைக் கீழே வைத்தது. வீட்டிலிருந்து உழைப்பவரும் மற்ற தொழிலாளிக்குச் சமம் என்று சொல்லும் 1996ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை.

இனி கையெழுத்து விஷயம். ஐந்தாண்டு தாண்டியவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, தானாக விலகினாலும் உண்டு. தினக்கூலிக்கு 390 × 15 × 8, அதாவது 46,800 ரூபாய். (ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்தால் ஒன்பது ஆண்டாக எடுப்பார்கள், உங்களுக்கு நான்கு மாதம்தான்.) ஆனால் ஆர்டர் இல்லை என்று கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால், அதற்கு மேல் ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலி இழப்பீடு, இன்னொரு 46,800, கூடவே குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதக் கூலி. நீங்களாக எழுதிக் கொடுத்தால் இந்த இரண்டாவது பகுதி முழுவதும் போய்விடும். எழுதித் தரச் சொல்வது இதற்காகத்தான். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த 15 நாள் கணக்கு இருக்கிறது.

பென்ஷனை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். பி.எப்.பில் முதலாளி கட்டும் பங்கிலிருந்து, கூலியின் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. பத்து ஆண்டு இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். ஒன்பதரை ஆண்டைப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு இன்னும் ஒரு ஆண்டு 2 மாதம்தான் பாக்கி! இன்றைய கூலியே கடைசி 60 மாதச் சராசரி என்று வைத்தால் (26 நாளுக்கு 10,140 × 10 ÷ 70) சுமார் 1,450 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் உங்கள் பெயரில் வாழ்நாள் முழுக்க வரும். கல்யாணம், சீமந்தம், பிள்ளைச் செலவு என்று ஒவ்வொரு முறையும் பி.எப்.பை முழுதாக எடுத்துப் பத்தாண்டு சேராமல் போன பெண்கள் எத்தனையோ பேர். ஒருவேளை நின்றே தீர வேண்டுமென்றாலும் பென்ஷன் பணத்தை எடுக்காதீர்கள். பணிக்காலச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வைத்தால் அடுத்த கம்பெனியில் இந்த 8 ஆண்டும் தொடரும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: பதிவான போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுங்கள், பி.எப். இருப்பு குறுஞ்செய்தியாக வரும். பிறகு மகளை பாஸ்புக்கைப் பதிவிறக்கச் சொல்லி, மாதம் மாதமாகப் பாருங்கள். கூலியில் பிடித்தும் கட்டாத மாதம் இருக்கிறதா? நடுவில் உங்களுக்கே தெரியாமல் விலகிய தேதி போட்டு, வேறு காண்ட்ராக்டர் பெயரில் மறுபடி சேர்த்திருக்கிறார்களா? இப்படி உடைத்துத்தான் பணிக்கொடையை இல்லாமல் ஆக்குவார்கள். உடைந்திருந்தால் பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, கூலி வரவு வைத்த வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள்.

மாமியாரைப் பார்ப்பது பொய்க் காரணம் இல்லை. ஆனால் ‘பெண் வீட்டில் இருந்தால் நல்லது’ என்று சொல்லும்போது எத்தனை மணி நேரம், யார் என்று பிரித்துப் பேச வேண்டும். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும், செய்கிற ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அந்த 299 நிமிடத்துக்கு யாரும் கூலி தராததால்தான் உங்கள் வீட்டில் எல்லோருடைய கூலியும் கட்டுப்படியாகிறது. பெண்ணியப் பொருளியல் விடாமல் சொல்லிவருவது இதைத்தான். கணவரிடம் காலை ஷிப்டுக்கு முன்னும் இரவிலும் அம்மாவின் பொறுப்பை ஏற்கக் கேளுங்கள். கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் (12 மணி நேரம்) வேண்டாம், ஒரு ஷிப்ட் போதும் என்று எழுத்தில் கேளுங்கள். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். எட்டு மணி நேரத்துக்கு மேலான நான்கு மணி நேரத்துக்கு 390 தர வேண்டிய இடத்தில் 195 கொடுத்து அரை ஷிப்ட் என்றால், அந்த அரை ஷிப்டை விடுவதில் நீங்கள் நினைக்கும் அளவு நஷ்டமும் இல்லை.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். ‘எங்களில் சிலரை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிலரும் சேர்ந்து ஒரு சங்கத்திடம் போங்கள். சங்கத்தால் ஆகிற காரியத்துக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. திண்டுக்கல் பகுதியில் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021இல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்டு எம் போன்ற பிராண்டுகளோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. பிராண்டின் ஆர்டரையே பிடிமானமாக வைத்துப் போட்ட ஒப்பந்தம் அது. விலையைக் குறைக்கச் சொல்லும் அதே கையைத் தொழிலாளிகளின் பக்கமும் திருப்ப முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள். மகளிடம் இதைப் படிக்கச் சொல்லுங்கள், அவள் பாடத்துக்கும் உதவும்.

எல்லாம் கேட்டும் வீட்டு வேலைதான் என்று ஆகிவிட்டால், ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வந்த பீஸ், போன பீஸ், ரேட், கிடைத்த பணம், காண்ட்ராக்டர் கையெழுத்து. பீஸ் வரும்போதே கறையும் ஓட்டையும் பார்த்து, இருந்தால் அவர் முன்னாலேயே எழுதிவிடுங்கள். மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் உங்களுக்குப் பொருந்தும் நல வாரியம் எது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இ.எஸ்.ஐ. உடனே நின்றுவிடாது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன் உண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. தள்ளிப்போட்ட கண் பரிசோதனையும் முதுகுவலி வைத்தியமும் அந்தக் காலத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.