பழைய ஜீப்பில் பிரேக் பெடல் பஞ்சு போல இறங்குகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஏர் எடுக்க, அதாவது பிரேக் லைனில் (ஆயில் குழாயில்) உள்ள காற்றை வெளியேற்ற, உட்காராதீர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய மஹிந்திரா ஜீப் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இந்த வண்டிகளில் பல புகார்கள் காற்றால் வருவதில்லை. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் உருளை; ஷூ அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த துண்டு; லைனிங் ஷூ மேல் உள்ள உராயும் பட்டை. லைனிங் தேயத் தேய டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி கூடிப்போகிறது. அதை நிரப்பவே பெடலின் பாதி ஓட்டம் செலவாகிவிடும்.

என்ன கோளாறு என்று பெடலே சொல்லும். வண்டியை நிறுத்தி வைத்து மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அடித்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான். மேலே வந்த பிறகும் காலடியில் துள்ளினால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உப்புகிறது. காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் மெல்லக் கீழே நழுவினால் எங்கோ கசிவு. வெளியே ஒரு சொட்டும் தெரியாவிட்டால், மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் போய்விட்டது. அதற்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை. பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காவிட்டால், அது வேறு நோய்: லைனிங்கில் ஆக்ஸில் ஆயிலோ கிரீஸோ ஏறியிருக்கும், அல்லது மிதியின் விசையைக் கூட்டும் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை.

ஜாக்கி வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வழியாக அது சுழல இடம் கிடைத்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

அட்ஜஸ்ட்மென்ட் இரண்டு விதம். பழைய வகையில், டிரம்மின் உட்பக்கத்தை மூடும் பேக் பிளேட்டுக்குப் பின்னால் சக்கரத்துக்கு இரண்டு எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட் இருக்கும், ஷூவுக்கு ஒன்று. லாக் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, சக்கரம் நிற்கும்வரை போல்ட்டைத் திருப்புங்கள். பிறகு லேசாக உரசும் சத்தம் மட்டும் மிஞ்சும் அளவுக்குத் திரும்பத் தளர்த்துங்கள். பிந்தைய வகையில் பேக் பிளேட் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரால் பல்சக்கரத்தைத் தள்ள வேண்டும். முடிந்ததும் ரப்பர் மூடியைப் போட மறக்கக் கூடாது. ஓடையில் இறங்கும் வண்டிக்கு அந்தத் துளை வழியாகத்தான் சேறு போகும். ஒவ்வொரு சக்கரமும் முடிந்தபின் பெடலை இரண்டு முறை ஓங்கி மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைத்து, மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். மிதிக்கும்போது மற்ற டிரம்கள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று: பலமுறை லேத்தில் கடைந்து விட்டம் பெருத்த டிரம்மில் புது லைனிங் போட்டால், நடுப்பகுதி மட்டுமே தொடும். மிதிக்கும்போது ஷூ வளைந்து கொடுக்கும். காற்று இருப்பது போலவே தெரியும், காற்று இருக்காது.

இனி காற்று. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் பக்கம் இருப்பதால், நம் வலது ஸ்டியரிங் வண்டியில் தொலைவில் இருப்பது இடது பின் சக்கரம். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். அமெரிக்க வீடியோக்களில் வலது பின் சக்கரம் முதலில் வருவது அவர்கள் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால்தான். டாட் 3 தர பிரேக் ஆயில் ஒரு லிட்டர் வாங்கினால் முழுதாக மாற்றிவிடலாம். சக்கரத்தின் பேக் பிளேட்டில் காற்றை வெளியேற்ற உள்ள நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க விடுங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து மூடுங்கள். மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மாஸ்டர் சிலிண்டர் டேங்கில் ஆயில் ஊற்றுங்கள். டேங்க் காலியானால் மறுபடி முதலிலிருந்து.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, தரை வரை போகாமல் தடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதி வருடக்கணக்கில் பிஸ்டன் போகாமல் துருப்பிடித்திருக்கும். அங்கே தள்ளினால் கப் கிழியும். நேற்று வரை மெத்தென்று இருந்த பெடல் ஏர் எடுத்தபின் மொத்தமாக விழுவது இப்படித்தான்.

அதன் பிறகும் துள்ளினால், ஒருவர் மிதிக்க, ஒவ்வொரு ஹோஸையும் கையால் பற்றிப் பாருங்கள். உப்புவது தெரிந்தால் எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பெடல் மேலே இருக்கும்போது சுமார் 12 மி.மீ. ஃப்ரீ ப்ளே, அதாவது எதையும் தள்ளாமல் போகும் வெற்று ஓட்டம், வேண்டும். பெடல் உயரமாக வரட்டும் என்று, பெடலை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் புஷ் ராடை நீட்டி அதை ஒழித்தால் ஆயில் திரும்பும் துளை மூடிக்கொண்டு, ஓட ஓடச் சூடேறிப் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

மலை இறங்கும்போது மட்டும் பெடல் மெத்தென்று ஆகி, ஆறியதும் சரியானால், ஆயில் ஈரம் குடித்து, சூட்டில் கொதித்து ஆவிக் குமிழ் விடுகிறது. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீத நீர் ஏறினால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கனத்த ஜீப்பில் பிரேக்கை நம்பியே இறங்கினால் அந்தச் சூடு சுலபமாக வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், கியரில் இறங்குங்கள். டாட் 4 ஊற்றலாம், டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள், உப்பிவிடும்.

வேலை முடிந்ததும் சமதளத்தில், ஆளில்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்க ஷூவைக் கொஞ்சம் இறுக்குங்கள். இரவு ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் அட்டை விரித்து வைத்து, காலையில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரோட்டில் எடுங்கள். சிங்கிள் சர்க்யூட் (நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி) மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலே நான்கு பிரேக்கும் போய்விடும்.