திரும்பக் கற்பிக்க நேரம் எங்கே?

கேள்வி: இரண்டாம் வகுப்பில் பலர் ‘கெ’, ‘கே’ எழுத்துகளைக் குழப்புகிறார்கள். பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. திரும்பக் கற்பிப்பது எப்போது? (ஓர் ஆசிரியை, மேலூர்)

பதில்: வாரத் திட்டம் எழுதும்போதே வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பாடவேளையைப் புதுப் பாடமின்றி ஒதுக்கிவிடுங்கள், மிஞ்சும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அது மிஞ்சுவதே இல்லை. அன்றும் வகுப்பு முழுவதற்கும் பழைய பாடத்தையே நடத்துவது வீண். வியாழனன்று ஐந்து சொற்களைச் சொல்லி எழுதச் செய்து, ‘தேர்’ என்பதைத் ‘தெர்’ என்று எழுதியவர்களை மட்டும் வெள்ளியன்று அருகில் அமர்த்தி, ‘தெருவில் தேர்’ என்று சொல்லவைத்து, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என விரலை நொடித்துக் காட்டுங்கள். (சித்திரைத் தேரைப் பார்த்த பிள்ளைகள் நெடிலை நன்றாகவே இழுப்பார்கள்.) ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அதற்குப் பிறகு வரட்டும். மற்றவர்கள் இருவர் இருவராகக் கதை வாசிக்கலாம். திங்களன்று ‘பெறு’, ‘பேறு’ போன்ற வேறு சொற்களால் மீண்டும் சோதித்துப் பாருங்கள்.