மணலும் சொப்பும் பல்லாங்குழியும்: வாசகர் கேள்விகள்

என் மகளுக்கு இரண்டேகால் வயது. பூங்காவில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக மணலைக் கிளறுகிறாள். சேர்ந்து விளையாடுவதே இல்லை. கூச்சமா?

இந்த வயதின் இயல்பு. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதை 'இணை விளையாட்டு' என்று வகைப்படுத்தினார். பக்கத்துக் குழந்தை வாளியைக் கவிழ்த்ததும் இவளும் கவிழ்க்கிறாளா, பாருங்கள். அதுவே மற்றவர்களோடு பழகுவதன் தொடக்கம். "போய்ச் சேர்ந்து விளையாடு" என்று தள்ளிவிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்புவதில்லை, எதையும் விரலால் சுட்டிக் காட்டுவதில்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

9 மாதப் பையன். கரண்டியை எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கீழே போடுகிறான்.

உங்கள் இடுப்பு தாங்கும்வரை எடுத்துக் கொடுங்கள். விட்டால் விழும், விழுந்தால் சத்தம் வரும், கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் எங்கேயோ இருக்கும் என்பதையெல்லாம் சோதித்துப் பார்க்கிறான்.

நாலு வயது மகன் எந்நேரமும் அக்காவின் சொப்புச் சாமான்களோடுதான் இருக்கிறான். மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணப் பந்திக்குச் சமைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே என்று அவரிடம் கேட்டுப் பாருங்களேன்!

சரி, விஷயத்துக்கு வருவோம். இலையைத் தோசை என்கிறான், கல்லை வடை என்கிறான். ஒன்றை இன்னொன்றாகப் பாவிக்கும் இந்தத் திறன்தான், பிறகு ஒரு கோட்டை 'ட' என்று படிக்கவும் கை கொடுக்கும். அப்புறம், "இன்னும் வேகலை, இருங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் காத்திருக்கிறான் அல்லவா? அவசரப்படும் குழந்தைகூட சமையல்காரர் வேடத்தில் பொறுமையாக இருக்கும். விளையாட்டில் குழந்தை தன் வயதைத் தாண்டி நடந்துகொள்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள், "தோசை இப்படியா சுடுவாங்க?" என்று திருத்தாதீர்கள். மாமியாரையும் ஒருநாள் சாப்பிட அனுப்புங்கள்.

பல்லாங்குழி ஆடினால் கணக்கு வருமா? மகளுக்கு 6 வயது.

பரீட்சை மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் 14 குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதில் எண்ணிக்கை விரலில் ஏறும். எங்கிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டி யோசிக்கவும் வைக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆட்டம் முடிந்ததும் சோழியையும் புளியங்கொட்டையையும் எண்ணி எடுத்து வையுங்கள். தொண்டையில் சிக்கினால் ஆபத்து. அந்த எண்ணும் வேலையையும் மகளிடமே கொடுத்துவிடலாம்.