யூதத் தோழியோடு வெளியூரில் ஒரு ஷபாத்: வெள்ளிக்கிழமை மாலைக்குள் என்னென்ன முடிக்க வேண்டும்?

கேள்வி: மான்செஸ்டரில் முதுகலை படிக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கும் நாங்கள் நாலு பெண்கள் நவம்பர் கடைசி வாரம் லேக் டிஸ்ட்ரிக்டில், ஆம்பிள்சைட் ஊருக்குள் ஒரு காட்டேஜ் எடுத்திருக்கிறோம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. எங்களில் ஒருத்தி யூதப் பெண், ஷபாத்தைக் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான யூத ஓய்வுநாள்) கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவள். "நீங்க உங்க பாட்டுக்கு இருங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். ஆனால் அவள் ஒரு மூலையில் டப்பா மீனும் ரொட்டியும் வைத்துச் சாப்பிட, நாங்கள் கூத்தடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சைவம், சாம்பார் நன்றாக வைப்பேன். அவளுக்காக என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

பதில்: உங்கள் அக்கறை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்: நீங்கள் செய்யக்கூடிய உதவியில் முக்கால்வாசி வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் முடிந்துவிட வேண்டியது. ஷபாத் தொடங்கியபின் தீ மூட்டுவது, அணைப்பது, சமைப்பது, மின்கருவிகளை இயக்குவது, வீட்டுக்கு வெளியே சாமான் தூக்குவது எல்லாம் அவளுக்குத் தடை. அதற்குப் பிறகு ஓடியோடி உதவப் போனால் அவளுக்குச் சங்கடம்தான் மிஞ்சும். அதனால் இந்த வாரமே ஒரு மாலை அவளோடு உட்கார்ந்து, "நீ ஷபாத்தை எப்படிக் கொண்டாடுவாய், ஒவ்வொன்றாகச் சொல்லு" என்று கேளுங்கள். யூதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பதில்லை. நான் கீழே சொல்வது ஆர்த்தடாக்ஸ், அதாவது மரபு விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோரின் வழக்கத்தை ஒட்டியது, அவள் வீட்டு வழக்கம் வேறு என்றால் அவள் சொல்வதே முடிவு.

முதல் சிக்கல் சாப்பாடு என்று நினைக்கிறீர்கள், ஆனால் நேரம்தான் முதல் சிக்கல். நவம்பர் கடைசியில் அந்தப் பக்கம் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஷபாத் விளக்கு ஏற்றுவது வழக்கமாக அதற்கு 18 நிமிடம் முன்னால், அதாவது மூன்றரை மணியை ஒட்டி. இந்த மாதிரி காட்டேஜ்களில் சாவி கொடுப்பதே பெரும்பாலும் மூன்று அல்லது நாலு மணிக்குத்தான்! பெட்டியோடு வாசலில் நிற்கும்போதே ஷபாத் தொடங்கிவிட்டால் அவளால் பெட்டியைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் தூக்கிப் போகக்கூட முடியாது. உரிமையாளருக்கு இன்றைக்கே எழுதி, கூடுதல் பணம் கொடுத்தாவது நண்பகலுக்குள் உள்ளே போக ஏற்பாடு செய்யுங்கள். ரயிலில் விண்டர்மியர், அங்கிருந்து 555 பஸ் என்று போவதாக இருந்தால், கணக்குப்படி போதும் என்று தோன்றுகிற வண்டிக்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள், ஏனென்றால் ரயில் தாமதமானால் சூரியன் காத்திருக்காது. வெள்ளிக்கிழமை வகுப்பு இருந்தால் அவளும் கூட ஒருவருமாவது காலையிலேயே கிளம்பிவிடட்டும்.

அதே மடலில் இன்னும் ரெண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். ஒன்று, மெழுகுவர்த்தி ஏற்ற அனுமதி உண்டா? பல வீடுகளில் தடை இருக்கும். கண்ணாடிக் குவளைக்குள் வைக்கும் சின்ன மெழுகுவிளக்கு ரெண்டு, கீழே ஒரு உலோகத் தட்டு என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஏற்றிய விளக்கை அவள் அணைக்க மாட்டாள், அது தானாக எரிந்து அடங்க வேண்டும். நீங்களும் தூங்கப் போகும்போது பழக்கதோஷத்தில் அணைத்துவிடாதீர்கள். இன்னொன்று, வாசல் பூட்டு எந்த வகை? எண் அழுத்தித் திறக்கும் மின்பூட்டு என்றால் அவளால் தொட முடியாது. சாதாரணச் சாவி என்றாலும் வெளியே போகும்போது அவள் அதை எடுத்துப் போக முடியாது, உங்களில் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாம்பார். தாராளமாக வைக்கலாம், சில நிபந்தனைகளோடு. காட்டேஜ் சமையலறையில் இருக்கும் பாத்திரம், கரண்டி, ஓவன், மைக்ரோவேவ் எதுவும் கோஷர் (யூத உணவு விதிகளுக்கு ஏற்றது) கிடையாது, பன்றி இறைச்சி வதக்கிய வாணலியாக இருக்கலாம். அவளுடைய பாத்திரங்களையே கொண்டுவரச் சொல்லுங்கள். அடுப்பை அவள் பற்றவைக்க வேண்டும், இது முக்கியம், யூதர் அல்லாதவர் முழுக்கத் தானே சமைத்த உணவைச் சாப்பிடுவதில் தடை இருக்கிறது. அவள் பற்றவைத்தாலே போதும் என்பது அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கம், செஃபார்டி (ஸ்பெயின் வழிவந்த யூதர்) குடும்பம் என்றால் பானையை அடுப்பில் ஏற்றுவதும் அவள் கையாலேயே நடக்க வேண்டியிருக்கும். கறிவேப்பிலை, கொத்தமல்லியை நன்றாகக் கழுவி, இலை இலையாக வெளிச்சத்தில் பார்த்துப் போடுங்கள், பூச்சி விழுங்கக் கூடாது என்பது கோஷரில் கடுமையான விதி. மசாலாவை முழுசாக வாங்கி வறுத்து அரைத்தால் தலைவலி இல்லை (அரைக்கும் மிக்சியும் அவளுடையதாகவோ புதிதாகவோ இருக்கட்டும்). கடைப் பொடி, கட்டிப் பெருங்காயம் என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து முன்கூட்டியே அவளுக்கு அனுப்புங்கள்.

அப்புறம், நெய் வேண்டாம், எண்ணெயில் தாளியுங்கள். வெள்ளி இரவு விருந்தில் அவள் பெரும்பாலும் கோழி சாப்பிடுவாள், இறைச்சியும் பால்பொருளும் அவளுக்கு ஒன்றுசேரக் கூடாது. ஒரு ஸ்பூன் நெய் போதும், சாம்பார் முழுவதும் அவள் தட்டுக்குப் போகாமல் நின்றுவிடும். உங்கள் தயிர்ச்சாதத்தை மேசையின் மறுகோடியில் தனித் தட்டு, தனி ஸ்பூனோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் முழுவதும் விளக்கேற்றும் முன் முடிந்து, மின்சார ஹாட்பிளேட் மேல் ஏறிவிட வேண்டும். திருகு, பொத்தான் எதுவும் இல்லாமல் ஒரே சூட்டில் கிடக்கும் தட்டு அது. அவளிடம் இல்லையென்றால் ப்ரெஸ்ட்விச், ப்ராட்டன் பார்க் பக்கம் உள்ள யூதக் கடைகளில் கிடைக்கும், ஹல்லா என்னும் ஷபாத் ரொட்டியும் கித்தூஷுக்கான (ஒயின் கிண்ணத்தோடு சொல்லும் ஷபாத் வாழ்த்து) ஒயினும் அங்கேயே வாங்கிவிடலாம். சனி மதியத்துக்கும் சூடாகச் சாம்பார் வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க மூடிபோட்டு அதன் மேலேயே கிடக்கட்டும், வற்றும் என்பதால் கொஞ்சம் தளர வையுங்கள். ஒரு சின்ன விஷயம், ஆனால் கைக்குப் பழகாதது: பானை தட்டின் மேல் இருக்கும்போது கரண்டி விட்டுக் கலக்கக் கூடாது, அள்ளவும் கூடாது. கீழே இறக்கிவைத்துத்தான் பரிமாற வேண்டும். டீக்கு முந்தின நாளே கெட்டியாக டிகாக்ஷன் போட்டு வையுங்கள். மின்சார வெந்நீர்ப் பானையை வெள்ளி மதியமே கொதிக்கவிட்டு அப்படியே ஓடவிட்டால் சனி முழுக்க வெந்நீர் இருக்கும்.

விளக்கேற்றும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஃபிரிட்ஜ் திறந்தால் எரியும் பல்பைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவளால் ஃபிரிட்ஜைத் திறக்கவே முடியாது. ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கு ஹாலிலோ வாசலிலோ இருந்தால் அணைத்துவிடுங்கள், அல்லது நிரந்தரமாக எரிய விடுங்கள். குளியலறை விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும். கழிவறைத் தாளையும் அவர்கள் கிழிக்க மாட்டார்கள், ஒரு டிஷ்யூ பெட்டி வையுங்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் பாய்லர் ஓடும் என்பதால் பச்சைத் தண்ணீர்தான் பயன்படுத்துவாள், "இதில் வெந்நீர் வருமே" என்று திருப்பிவிடாதீர்கள்.

இனி எல்லோரும் தடுமாறும் இடம். அவள் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் அறையில் விளக்கு அணைந்துவிட்டது, நீங்கள் போட்டுக் கொடுக்கலாமா? சுமார் 1800 வருடங்களுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இதற்கு விடை இருக்கிறது. யூதர் அல்லாத ஒருவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தை யூதர் பயன்படுத்தலாம், யூதருக்காகவே ஏற்றினால் கூடாது. அங்கேயே ஒரு நிகழ்ச்சியும் வருகிறது: ரப்பான் கமலியேல் என்ற யூத அறிஞரும் பெரியவர்களும் கப்பலில் வந்தபோது, யூதர் அல்லாத ஒருவர் தான் இறங்குவதற்காக வைத்த பலகை வழியாக அவர்களும் இறங்கினார்கள். ஆக, அந்த அறையில் உங்களுக்கு வேலை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அவளும் படிக்கலாம். "உனக்காகப் போடுகிறேன்" என்று போட்டால் அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போக வேண்டியிருக்கும். "போடட்டுமா?" என்று கேட்கவும் கேட்காதீர்கள், 'சரி' என்று சொல்ல அவளால் முடியாது, வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு அலுத்துவிடும்.

குளிர் மட்டும் விதிவிலக்கு. குளிர் விஷயத்தில் எல்லோரும் நோயாளிகளே என்று அவர்களுடைய சட்டநூல் சொல்கிறது, அதனால் கடும் குளிரில் யூதர் அல்லாதவர் அவர்களுக்காகவும் கணப்பு மூட்டலாம். அந்த வீட்டில் விறகு அடுப்பு இருந்தால் கட்டை போடுகிற பொறுப்பை நீங்கள் மூவரும் எடுத்துக்கொள்ளுங்கள், அவள் தொட மாட்டாள். உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால் எந்த விதியும் இல்லை. யாராவது மயங்கி விழுந்தால் போனை எடுத்து 999 அழைப்பது அவளுக்கும் கடமை.

வெள்ளி இரவு மேசையில் ஒயின் பாட்டிலை அவளே திறந்து ஊற்றட்டும். 'மெவுஷால்' (சூடாக்கிப் பதப்படுத்தியது) என்று லேபிளில் இருந்தால் யாரும் ஊற்றலாம், குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறும் அதே சடங்குக்கு ஆகும். கித்தூஷ் சொன்னபின் குவளையால் கைகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ரொட்டியை உப்பில் தொட்டு வாயில் போடும்வரை அவள் பேச மாட்டாள். கோபமோ என்று நினைக்க வேண்டாம், நீங்களும் அந்த ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு பாட்டு, நீண்ட சாப்பாடு, அரட்டை. போன்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தால், அவளுக்காகச் செய்ததில் அதுவே அவளுக்கு அதிகம் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

சனி பகலில் நடக்கப் போகலாம், ஆனால் மலையேற்றம் வேண்டாம். ஊரின் கடைசி வீடுகளைத் தாண்டி 2,000 முழம், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் அவள் போகலாம். மான்செஸ்டரின் யூதப் பகுதிகளில் 2014 முதல் ஏருவ் என்னும் எல்லைக்கோடு இருக்கிறது, அதற்குள் சாமான் எடுத்துப் போகலாம். ஆம்பிள்சைடில் அது இல்லை, அதனால் பை, தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் ஒரு கைக்குட்டைகூட அவளிடம் இருக்காது. குடை விரிப்பதும் கூடாது, அந்த ஊர் மழைக்குத் தொப்பி வைத்த மழைக்கோட்டு அவசியம், அணிந்துகொள்வதில் தடையில்லை. ஊரை ஒட்டிய ஸ்டாக் கில் அருவி இதற்குச் சரியான தூரம். லஃப்ரிக் மலையை ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் காபிக்கடைக்குள் நுழைந்து அவளை வேடிக்கை பார்க்க வைக்காதீர்கள், காசையும் அவள் தொட மாட்டாள், செலவுக் கணக்கெல்லாம் பிறகு.

ஐந்து மணியைத் தாண்டி நட்சத்திரங்கள் தெரிந்ததும் ஷபாத்தை முடித்துவைக்கும் சடங்கான ஹவ்தாலா. ஒயின், பல திரிகள் பின்னிய மெழுகுவர்த்தி, முகர்ந்து பார்க்க வாசனைப் பொருள். இந்த மூன்றாவதை உங்கள் அஞ்சறைப்பெட்டியிலிருந்து நீங்கள் கொடுக்கலாம், கிராம்பும் பட்டையும் ஏலக்காயும் ஒரு சின்னக் கிண்ணத்தில். அன்றிரவு மெலவே மல்கா என்று இன்னொரு வேளை சாப்பிடுகிற வழக்கமும் உண்டு. அதற்குள் அடுப்பு மூட்டும் தடை நீங்கியிருக்கும், அதனால் மாவு எடுத்துப் போங்கள், அவள் கல்லை அவளே அடுப்பில் வைத்துப் பற்றவைக்கட்டும், நீங்கள் தோசை ஊற்றுங்கள்.