கேள்வி-பதில்: பிழை தெரியாத மன்னிப்பு

கேள்வி: என் கணவர் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவார். நாலைந்து நாள் நீளும். காரணம் கேட்டால் ‘உனக்கே தெரியும்’ என்பார். எனக்குத் தெரியாது, ஆனாலும் கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். எதற்கெடுத்தாலும் என்னையே குறை சொல்லிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது? அற்ப விஷயத்தைக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.
– கரூர் வாசகி

பதில்: என்னிடமும் ஒரு மன்னிப்பா! கேட்பதற்காகத்தானே அம்மா இந்தப் பக்கமே இருக்கிறது.

உங்களுக்கு முன்பே ஒருத்தி இப்படி எழுதியிருக்கிறாள். சிலப்பதிகாரத்து மாதவி. கடற்கரையில் கோவலன் பாட, பதிலுக்கு அவளும் பாடினாள். அவள் மனதில் வேறொருவன் இருக்கிறான் என்று இவனாக முடிவுகட்டி எழுந்து போனான். அவள் எழுதிய முதல் கடிதத்தை வாங்க மறுத்தான். இரண்டாவது கடிதத்தில், என் பிழை என்னவென்றே தெரியவில்லை, என் மனத்துயரைப் போக்குங்கள் என்று கெஞ்சுகிறாள். மதுரைக்குப் போகும் வழியில் அதைப் படித்ததும் கோவலனுக்கு விளங்கிவிடுகிறது: தீது அவளுடையது இல்லை, தன்னுடையது. சரி, அதை அவளுக்குச் சொல்லி அனுப்பினானா? இல்லை. அதே ஓலையைத் தன் பெற்றோருக்குத் தன் சேதியாகக் கொடுத்தனுப்பிவிட்டான்! கெட்டிக்காரன்.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. அவர் ‘உனக்கே தெரியும்’ என்பதோடு சரி. அப்புறம் அந்த வாரம் முழுவதையும் நீங்களே துழாவி, அம்மாவோடு போனில் அதிக நேரம் பேசியதோ, குழம்பில் உப்பு தூக்கலானதோ, ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள். அவர் வாயே திறக்க வேண்டியதில்லை. இதில் உங்களுக்கும் ஓர் ஆறுதல் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்: தப்பு என்னுடையது என்றால் சரிசெய்வதும் என் கையில்தானே என்ற நினைப்பு.

ரோனி ஜானாஃப்-புல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் சுயபழியை இரண்டாகப் பிரித்தார். ‘நான் செய்தது தப்பு’ என்பது ஒன்று. ‘நானே தப்பானவள்’ என்பது இன்னொன்று. முன்னதைத் திருத்திக்கொள்ளலாம். பின்னதில் திருத்த எதுவும் இல்லை, குமைய மட்டுமே முடியும்.

அடுத்த முறை ஒரே ஒரு தடவை கேளுங்கள்: “நான் செய்த எந்தக் காரியம் பிடிக்கவில்லை?” அவர் சொல்வது நியாயமாக இருந்தால் அதற்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். சொல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நாலு நாள் மௌனம் எட்டு நாளாகும், ஆகட்டும்.

மௌனம் போய் வசவோ, மிரட்டலோ, வீட்டுச் செலவுக்குப் பணம் மறுப்பதோ தொடங்கினால் அது வேறு கணக்கு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லாலும் மனத்தளவிலும் பணத்தாலும் செய்யும் கொடுமையையும் வன்முறையாகத்தான் சேர்த்திருக்கிறது. மகளிர் உதவி எண் 181.